மச்சாள் மாற்றிக் கொடுத்த மருந்து

“…பேர்தான் வேறை அத்தான், உள்ளுக்கை கிடக்கிறது ஒண்டுதான். இப்ப எல்லாத்துக்கும் தட்டுப்பாடு, நாங்கள் நாள் முழுக்க இதைத்தானே மாத்திக் குடுக்கிறம். ஒரு பயமும் இல்லை, துணிஞ்சு பாவியுங்கோ.”

சொன்னவள் யாழினி. என் மனைவி சுகந்தியின் தங்கை, எனக்கு மச்சாள். நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். அவள் தொலைபேசியில் இதைச் சொன்ன நேரம் நான் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடையின் வாசலில் நின்றேன். அவள் பதில் சொன்னது இரத்த அழுத்தத்துக்கு எடுக்கிற பிரசர் குளிசையைப் பற்றி. நான் கேள்வி கேட்டது வெடிமருந்தைப் பற்றி.

இரண்டு பேரும் சுத்தத் தமிழில்தான் கதைத்தோம். அதுதான் பிழைத்தது.

நான் எப்படி வெடிமருந்து வாங்குகிற ஆளானேன் என்று கேட்பீர்கள். சுகந்தி இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள். “வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இந்த மனிசன் இஞ்சை காசு குடுத்து வாங்கி வெடிக்குது” என்பது அவளுடைய நிரந்தர வசனம். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

உண்மையான காரணம் துப்பாக்கியும் இல்லை, துவக்குச் சத்தமும் இல்லை. எனக்குக் கதை வேண்டும். ஆட்கள் வாய் திறந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் பொழுதுபோக்கு. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்தில் எனக்கு வாசல் பார்க்கிற, குழாய் திருத்துகிற, பனி அள்ளுகிற வேலை. எத்தனையோ வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். அயலட்டை நோர்வேக்காரர் “ஹை” என்பார்கள், நானும் “ஹை” என்பேன், கதை முடிந்துவிடும். மூன்றாம் மாடியில் இருக்கிற குன்வோர் என்ற பஸ் சாரதிப் பெண்மணிதான் ஒருநாள் போகிறபோக்கில் ஒரு ரகசியத்தை அவிழ்த்தார். “நாங்கள் காட்டில் நெருப்பு மூட்டி இருக்கும்போதுதான் கதைப்போம்.” அவர் ஒரு வேட்டை அணியின் தலைவி. ஒவ்வொரு இலையுதிர் காலமும் எல்க் மான் வேட்டைக்குப் போகிற அணி.

நோர்வேக்காரர் கதைக்கிற இடம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நெருப்படியில் எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று வகுப்புக்குப் போனேன், சோதனை பாஸ் பண்ணினேன், துவக்கும் வாங்கினேன். ஆனால் அணியில் இடம் காலியில்லை. நான் தனியே காட்டுக்குப் போய், சுட்ட மானும் இல்லை, கதைத்த மனிதரும் இல்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் அணியில் ஒருவர் வடக்கே குடிபெயர்ந்தார். குன்வோர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, “சிவா, சனிக்கிழமை சுடுசோதனை. பெரிய மிருகம் சுடுகிறவர்கள் வருடாவருடம் கட்டாயம் செய்ய வேண்டியது, இந்த வருடம் இதுதான் கடைசி. பாஸ் பண்ணினால் இடம் உனக்கு” என்றார். எனக்கு வேலை கிடைத்தபோதுகூட அப்படிச் சந்தோசப்படவில்லை.

கீழே போய்ப் பெட்டியைத் திறந்தால், தோட்டா செய்ய மருந்து இல்லை.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல், அதற்குள் புதிதாய் மருந்து நிறுத்துப் போட்டு, முனையில் ரவையை, அதாவது குண்டை, அமுக்கித் திரும்பப் பாவிக்கலாம். நான் அதைக் காணொளி பார்த்துப் பார்த்துத் நானாகவே பழகினவன். (தானாகப் பழகினவனுக்கு ஒரு வசதி, தனக்கு என்ன தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது.) ஆனால் ஐரோப்பாவில் சண்டை தொடங்கின பிறகு தொழிற்சாலை மருந்தெல்லாம் பீரங்கிக்குப் போய்விட்டது. கடைத் தட்டுகளில் எங்களுக்கு மிஞ்சினது தூசிதான்.

இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் ஒரு டப்பா இருந்தது. என் மருந்தில்லை, வேறு கொம்பனி. ஆனால் மூடியில் போட்டிருந்த இலக்கம் அச்சொட்டாய் அதே இலக்கம். முன்னால் இருந்த எழுத்துகள் மட்டும் வேறு. மாற்றலாமா, கூடாதா?

இந்தச் சந்தேகத்தை யாரிடம் கேட்பது? கடைக்காரனிடம் கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பான். குன்வோரிடம் கேட்டால் அணியில் சேர்க்க முதலே தள்ளிவிடுவார். இரசாயனம் படித்த ஒரே சொந்தம் மச்சாள். நான் வேட்டைக்குப் போவது அவளுக்குத் தெரியும். தோட்டாவை வீட்டில் செய்கிறேன் என்பது தெரியாது என்று எனக்குத் தெரியாது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். நோர்வேஜிய மொழியில் வெடிமருந்துக்குக் ‘கிருட்’ என்று பெயர். என்னைப் போல நிறமுள்ள ஒருவன் பஸ்ஸிலோ ரயிலிலோ கடைவாசலிலோ நின்று தொலைபேசியில் ‘கிருட்’ என்று சத்தமாய்ச் சொன்னால், பக்கத்தில் இருக்கிறவர் மெல்ல எழும்பி வேறு இருக்கைக்குப் போவார். அதனால் நான் வெளியில் எப்போதும் தமிழில் ‘மருந்து’ என்றுதான் சொல்வேன். அன்றைக்கும் அப்படியே.

“மச்சாள், என்ர மருந்து முடிஞ்சுது. ஒஸ்லோ முழுக்கத் தேடிட்டன், இல்லை.”

“நீங்கள் எப்ப தொடக்கம் மருந்து எடுக்கிறியள் அத்தான்? அக்கா ஒண்டும் சொல்லேல்லையே.”

“அது கொஞ்ச வருசமாத்தான். உன்ர அக்காவுக்கு இது விருப்பமில்லை, அதுதான் பெரிசாக் கதைக்கிறேல்லை.”

“விருப்பமோ இல்லையோ, தேவையெண்டால் எடுக்கத்தானே வேணும். இதிலை என்ன வெக்கம்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பொழுதுபோக்கை இந்தக் குடும்பத்தில் விளங்கிக்கொண்ட முதல் ஆள்.

“இஞ்சை வேறை கொம்பனியின்ர ஒண்டு கிடக்கு மச்சாள். மாத்தினால் பிரசர் கூடுமோ எண்டுதான் யோசிக்கிறன்.”

“பிரசருக்குத்தானே அந்த மருந்தே.”

“ஓம், பிரசர் இல்லாட்டி அது வேலை செய்யாது. ஆனால் கூடினால் வெடிச்சிடும்.”

“அப்பிடிச் சும்மா வெடிக்காது. கண்டதையும் வாசிச்சுப்போட்டுப் பயப்பிடுறியள்.”

“எவ்வளவு போடுறது?”

“முந்தி எடுத்த அதே அளவு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“நான் தராசிலை நிறுத்துத்தான் போடுறனான்.”

“தராசிலையோ?” என்றாள். “அவ்வளவுக்கு வேண்டாம் அத்தான்.” பிறகுதான், வருத்தக்காரரோடு கதைக்கிற அந்த மெத்தென்ற குரலில், பேர்தான் வேறை, உள்ளுக்கை ஒண்டுதான் என்று மேலே நீங்கள் வாசித்ததைச் சொன்னாள்.

நானும் யோசித்தேன். சரிதானே. ஒடியல் மா கிடைக்காமல் இந்த ஊர் றை மாவில் கூழ் காய்ச்சின சனம் நாங்கள். புளிக்குத் தேசிக்காய், முருங்கையிலைக்குப் பசளி, கொச்சிக்காய்த் தூளுக்குத் துருக்கிக் கடை மிளகாய்த்தூள் என்று ஒஸ்லோவில் எங்கள் சீவியமே மாற்றுச் சீவியம். கடைக்குள் போனேன். கடைக்காரன் டப்பாவைத் தந்துவிட்டு, “இந்த மருந்துக்கு உரிய அளவுக் கணக்கு உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்டான். “யா, யா” என்றேன். (எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் அதிகம் பாவித்த சொல் அதுதான். விளங்கினால் ஒரு யா, விளங்காவிட்டால் இரண்டு.)

அன்று பின்னேரமே வீட்டில் ஒரு மாற்றம். சுகந்தி என்னோடு மெதுவாய்க் கதைத்தாள். குப்பை வாளியை நான் தூக்கப் போனால், “விடுங்கோ, நான் கொண்டுபோறன்” என்றாள். கறியில் மட்டும் உப்பில்லை. அடுத்த நாளும் இல்லை. சனிக்கிழமைச் சோதனை நினைவில் அவளுக்கும் கை தடுமாறுகிறது, பாவம், மனதுக்குள் எவ்வளவு ஆதரவு என்று நினைத்து, சப்பென்ற மீன் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. சுடுகளத்தில் அணி முழுக்க நின்றது. சோதனைக்கு முதல் ஒன்று சுட்டுப் பார்க்கச் சொன்னார் குன்வோர். காதுமூடியைப் போட்டேன், பாயில் படுத்தேன், மூச்சை அடக்கி விசையை இழுத்தேன்.

வெடிச் சத்தம் எனக்குப் புதிதில்லை. தூரத்திலும் கேட்டிருக்கிறேன், கிட்டவும் கேட்டிருக்கிறேன். என் கன்னத்துக்குள் இருந்து ஒன்று புறப்பட்டது அன்றைக்குத்தான். துவக்கு பின்னுக்கு உதைந்தது. குறிபார்க்கிற கண்ணாடி என் புருவத்தைப் பிளந்தது. மூக்கில் ஏதோ சூடாய் வழிந்தது. கோதை வெளியே எடுக்கிற கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. பக்கத்துப் பாய்களில் எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள்.

குன்வோர் வந்து துவக்கை வாங்கி, ஆட்களை விலக்கி, மெல்லத் தட்டித் தட்டிக் கோதை எடுத்தார். அதன் அடிப்பக்கம் தட்டையாய்ச் சப்பளிந்து கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன மருந்து?”

டப்பாவைக் காட்டினேன்.

“அளவு?”

“பழைய மருந்துக்குப் போட்ட அதே அளவு.”

“எந்தப் புத்தகம் அப்படிச் சொன்னது?”

“புத்தகம் இல்லை,” என்றேன், புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பெருமையோடு. “ஃபார்மசியில் சொன்னார்கள்.”

குன்வோர் பஸ் ஓட்டுகிறவர். குடிகாரர், சண்டைக்காரர், நாய், பனி எல்லாம் பார்த்தவர். அவர் முகம் வெளிறி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். “இலக்கம் ஒன்றாயிருக்கலாம்,” என்றார் மெல்ல. “ஒன்று மெதுவாய் எரியும், மற்றது கெதியாய் எரியும். ஒவ்வொரு மருந்துக்கும் அதைச் செய்தவன் கொடுத்த கணக்கு இருக்கிறது. அதில் ஆகக் குறைந்த அளவில்தான் புதிதாய்த் தொடங்க வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் சுடாமல் இருக்க வேண்டும். கண் போயிருக்கும், சிவா. பக்கத்தில் படுத்திருந்தவனுக்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த ஃபார்மசிக்காரியோடு நான் கதைக்க வேண்டும்.”

அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அத்தான், பிரசர் இப்ப எப்பிடி?” என்றாள் யாழினி.

“கூடிப்போச்சு மச்சாள்.”

குன்வோர் குனிந்து நோர்வேஜியத்தில் கேட்டார். “இவருக்குக் கிருட்டை மாற்றச் சொன்னது நீயா?”

“எதை?”

“கிருட். துவக்குக்குப் போடுவது.”

ஒரு சின்னக் குரல், “நான் பிரசர் குளிசை எண்டு நினைச்சன்” என்று தமிழிலேயே சொன்னது. யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. கடைவாசலில் கதைத்த ஒவ்வொரு வசனமும் திரும்பி வந்து ஒவ்வொன்றாய் அறைந்தது. மச்சாள் அன்றைக்கே அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாள். மெதுவாய்க் கதைத்த மனைவி, குப்பை வாளி, உப்பில்லாத குழம்பு. ஆதரவு என்று நான் நினைத்ததெல்லாம் நோயாளிப் பராமரிப்பு.

அக்காவும் தங்கையும் ஒரே காரில் பறந்து வந்தார்கள். சுகந்தி என் புருவத்துக் கட்டைப் பார்த்தாள், கண் இரண்டும் இருக்கிறதா என்று கிட்ட வந்து பார்த்தாள், இருக்கிறது என்று நிச்சயமான பிறகு தொடங்கினாள். “உங்களாலை பிள்ளையளும் உப்பில்லாமல் திண்டதுகள்.” (இப்போதும் வீட்டில் சீனியோ பாலோ முடிந்தால், “அப்பாவைக் கேளுங்கோ, மாத்தித் தருவார்” என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் என் மகளின் நோர்வேஜியச் சிநேகிதியும் சொன்னாள், தமிழில்.)

குன்வோர் என் தோட்டாக்கள் எல்லாவற்றையும் வாங்கித் தனியே வைத்தார். துவக்கைத் திருத்துகிறவரிடம் காட்டும்வரை தொடக்கூடாது என்றார். “இந்த வருடம் இல்லை, சிவா” என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

என் நெருப்படி அணைந்துவிட்டது. ஆனாலும் ஒரு வழி தெரிந்தது. யாழினியின் நோர்வேஜியம் என்னுடையதைவிட நூறு மடங்கு. கல்நெஞ்சு வைத்தியர்களையே எதிர்த்துக் கதைத்து வழிக்குக் கொண்டு வருகிறவள். “மச்சாள், பிழை பாதி உன்ரை. போய் அவவோடை கதைச்சுச் சரிக்கட்டு” என்றேன்.

போனாள். குன்வோர் சப்பளிந்த கோதைக் காட்டினார். இவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். குன்வோர் டப்பாவைத் திறந்து மருந்து மணிகளைக் காட்டி விளங்கப்படுத்தினார். இவள் தலையாட்டினாள், திரும்பவும் கேட்டாள். குன்வோர் அவ்வளவு நேரம் கதைத்து நான் பார்த்ததே இல்லை, அதுவும் நெருப்பில்லாமல். கடைசியில் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், குன்வோர் சிரித்தார். வேலை முடிந்தது என்று எனக்கு உயிர் வந்தது.

திரும்பி வந்தாள்.

“சரிக்கட்டினியோ?”

“ஓம் அத்தான். சரி.”

“அப்ப இடம்?”

“இந்த வருசம் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினமாம். வாற வருசத்துக்கு வச்சிருக்கினம். வேட்டைக்காரர் வகுப்பு செவ்வாய்க்கிழமை தொடங்குதாம்.”

“எனக்கு என்னத்துக்கு வகுப்பு? நான் எப்பவோ பாஸ் பண்ணிட்டன்.”

“உங்களுக்கில்லை” என்றாள்.

(அணியில் அந்த இடம் இப்போது அவளுக்கு, நெருப்படியில் அவள்தான் கதைக்கிறாள். நான் போகிறேன், கோப்பிக் குடுவையோடு.)

அன்று அப்படிச் சொல்லிவிட்டு, யாழினி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த காதுமூடியைக் கழற்றித் தன் காதில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் சுடுவதைப் பார்க்கக் குன்வோரின் பக்கத்தில் போய் நின்றாள்.