சுவரில் ஏறிய மூக்கு

ஏழு மலை, ஏழு கடல் என்று ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. நம்மூர்ப் பேருந்து மட்டும் போகாத ஒரு திசையில் மந்தாரபுரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டுக் கடைவீதியில் நீளமாக ஒரு வெள்ளைச் சுவர். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு படம் வரையப்படும். இந்த வாரம் குடிமக்கள் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லும் படம் அது. ஜனங்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி, குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். பயந்து முடித்ததும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். 'சுவர் பொய் சொல்லாது' என்பது அந்நாட்டின் முதல் சட்டம். முதல் சட்டத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்கக் கூடாது என்பது இரண்டாவது.

அந்தச் சுவருக்கு அரசாங்க ஓவியன் கோலப்பன். கெட்டவர்களை வரைந்தே குடும்பம் நடத்தியவன் என்றாலும், ஒரு கெட்டவனைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. பல காலமாகப் பக்கத்து நாட்டு அரசனைத்தான் வரைந்துகொண்டிருந்தான். கோரைப்பல், நெருப்புக் கண், கக்கத்தில் நம் நாட்டுக் கோழி ஒன்று. கை பழகிய படம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கோழியோடு வரைந்து கொடுத்துவிடுவான்.

அதற்கும் வந்தது சோதனை. பக்கத்து நாட்டு அரசனின் மகனுக்கே இளவரசியைக் கட்டிக்கொடுப்பதென்று முடிவாயிற்று. சம்பந்திக்குக் கோரைப்பல் போட முடியுமா? ஒரு வெள்ளிக்கிழமை சுவர் வெறுமனே நின்றது. பயப்பட வந்த ஜனங்கள் சும்மா நிற்க முடியாமல் அக்கம்பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். தெருவெல்லாம் பள்ளம் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. "ஏரி மதகுக்கு வந்த கல்லெல்லாம் அமைச்சர் வீட்டு மாடியில இருக்கே" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். இன்னொருவர் "ஆமால்ல" என்றார்.

மறுநாளே அவை கூடியது.

"மன்னா, நம் எல்லைக்குள்ளேயே ஒரு பெருங்கூட்டம் ஊடுருவியிருக்கிறது" என்றார் எச்சரிக்கைத் துறை அமைச்சர் பேரின்பநாதர். மாடியில் கல் வைத்திருந்தவர் அவர்தான். "நம் சோற்றைத் தின்கிறது. பகலில் தூங்குகிறது. கேட்டால் பதில் சொல்வதில்லை. சொன்னால், ஏன் கேட்டோம் என்று ஆகிவிடுகிறது."

மன்னர் மூன்றாம் நெடுஞ்செவியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த நாட்டு ஒற்றர்கள்?"

"நம் பிள்ளைகள்தான் மன்னா. பதின்மூன்று வயது தொடங்கிப் பத்தொன்பது வரை."

மன்னர் தாடியைத் தடவினார். அரச தோரணை கொஞ்சம் நழுவியது. "நேத்து இளவரசனைப் பார்த்து, சாப்பிட்டியாடான்னு கேட்டேன். 'ம்'னான்."

அவையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அந்த 'ம்'முக்குப் பின்னால் என்னென்ன திட்டம் இருக்கிறதோ" என்றார் பேரின்பநாதர். "அவர்களிடம் படை இல்லை. அவையில் அவர்களுக்கு ஆள் இல்லை. எவரும் நமக்குச் சம்பந்தி ஆகப் போவதும் இல்லை. இவ்வளவு வசதியான ஆபத்து நமக்கு இனிமேல் கிடைக்காது."

உத்தரவு கோலப்பனுக்கு வந்தது. அவனுக்கோ அந்த வயதுப் பிள்ளைகளை எப்படி வரைவதென்றே தெரியவில்லை. பெரியவர்கள் யாரும் அவர்களை உற்றுப் பார்த்ததில்லை, அவனும் பெரியவன்தானே. யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அங்கே அவன் மகள் வடிவு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, கொய்யாக்காயை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயது. நுனி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்த மூக்கு. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மூக்கு கிடைத்தால் எந்தக் கலைஞன்தான் விடுவான்? அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கலைந்த தலைமுடியும் சிவந்த கண்ணும் தன் பங்குக்குச் சேர்த்தான். பழக்கதோஷத்தில் ஒரு கோழியையும் வரைந்து, பிறகு அழித்தான்.

வெள்ளிக்கிழமை, படத்தின் கீழே ஒரு வரி இருந்தது: 'காரணமில்லாமல் சிரிக்கிறார்கள்.' கூட்டம் திகைத்து நின்றது. வீட்டில் இத்தனை நாள் கேட்ட சிரிப்புக்கெல்லாம் காரணம் விசாரிக்காமல் விட்டோமே என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அப்பா, அது என் மூக்கு" என்றாள் வடிவு அன்று சாயங்காலம்.

"கலைக்கு மூக்கெல்லாம் பொதும்மா."

"அப்ப உங்க மூக்கைப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி உலகம்மை சொன்னாள்: "அவர் மூக்கைப் போட்டா சுவர் பத்தாதுடி."

அதற்கப்புறம் சட்டங்கள் வரிசையாக வந்தன. பதின்வயதினர் வருவது பெரியவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று காலில் சலங்கை கட்டச் சொன்னார்கள். ஊர் முழுக்க ஜல்ஜல் என்றது. யாருக்கும் மதியத் தூக்கம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைப் படம்: 'ஓயாமல் சத்தம் போடுகிறார்கள்.' மூன்று பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்றார்கள். பிள்ளைகள் தனித்தனியாக நின்றார்கள். படம்: 'தனியாக நின்று எதையோ யோசிக்கிறார்கள்.' பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு உடனே முழுப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னார்கள். முழுவதையும் சொன்னார்கள். படம்: 'எதிர்த்துப் பேசுகிறார்கள்.'

கடைசியில் வீட்டைவிட்டு வெளியே வருவதென்றால் கூடவே ஒரு பெரியவர் வர வேண்டும் என்று ஆயிற்று. கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது, மருந்து வாங்கி வந்தது, கூரையில் ஏறி ஓடு மாற்றியது எல்லாம் யார் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் வந்தது: பாருங்கள், இப்போது வேலையையும் விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு படத்திலும் கோலப்பன் முடியை மாற்றினான், உடையை மாற்றினான், ஆணை வரைந்தான், பெண்ணை வரைந்தான். மூக்கை மட்டும் மாற்றவில்லை. நன்றாக வருகிற ஒன்றை எதற்கு மாற்றுவது?

ஐப்பசியில் மழை கொட்டியது. கல் வராத மதகு ஒருநாள் காலையில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பெரியவர்கள் கரையில் குடைபிடித்து நின்று யார்மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருக்கையில், சலங்கைச் சத்தம் கேட்டது. ஊரிலிருந்த பிள்ளைகளெல்லாம், சட்டத்தை மீறிக் கும்பல் கும்பலாக, மண்வெட்டியும் சாக்குமாக ஓடி வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கி, மூட்டை மூட்டையாக மண் போட்டு, மத்தியானத்துக்குள் உடைப்பை அடைத்துவிட்டார்கள். வடிவும் அதில் இருந்தாள். கோலப்பன் தன் மகளை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று, மூக்கிலும் சேறு.

நேரே பேரின்பநாதரிடம் ஓடினான். "ஐயா, இந்த வாரம் இதையே வரையலாம். ஊரையே காப்பாத்திட்டாங்க."

பேரின்பநாதர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "மண் சுமந்ததைப் பார்க்க எவன் குளிச்சுட்டு வருவான் கோலப்பா? சேத்தை வரை. கும்பலை வரை. மண்வெட்டியைக் கொஞ்சம் உசரத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி வரை. போதும்."

கோலப்பன் வரைந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது என்று சொல்ல ஆசைதான். அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். 'ஆயுதங்களோடு ஏரிக்கரையில் கூடினார்கள்' என்று கீழே எழுதினான். படத்தில் இருபது பேர். இருபது பேருக்கும் ஒரே மூக்கு.

அங்கேதான் வினை. சேற்றைப் பூசியதில் முடியும் உடையும் மறைந்துபோக, மூக்குகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. பேரின்பநாதர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மன்னரிடம் போய்ச் சொன்னார்: "மன்னா, இத்தனை நாள் நாம் ஏமாந்திருக்கிறோம். சிரித்தது, யோசித்தது, எதிர்த்துப் பேசியது எல்லாம் ஒரே ஆள். எங்கும் இருக்கிறாள். இவள்தான் தலைவி."

காவலர்கள் அந்த மூக்கைத் தேடிக்கொண்டு வந்தபோது வடிவுக்குப் பாதிப் பின்னல்தான் போட்டிருந்தது. மீதியைப் பின்னிவிட்டுத்தான் அனுப்புவேன் என்று உலகம்மை வாசலை மறித்து நின்றதில், காவலர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

தண்டனை முதிர்ச்சிக் கூடம். இருபது வயதாகும்வரை பேச்சு, சிரிப்பு, ஜன்னல் எதுவும் இல்லாமல் அடைத்து வைத்து, பக்குவமானதும் வெளியே விடும் இடம் அது. மாங்காயை வைக்கோலில் பழுக்கப் போடுவதைப் பார்த்துக் கட்டியது. உள்ளே போன பிள்ளைகள் திரும்பி வந்தபின் பெற்றவர்களிடம்கூட 'ம்' சொல்வதில்லை.

கோலப்பன் பேரின்பநாதரின் காலில் விழாத குறை. "ஐயா, அது நான் போட்ட மூக்கு. வீட்ல இருந்ததுன்னு எடுத்துப் போட்டேன். மத்தது அத்தனையும் நீங்க சொல்லி நான் வரைஞ்சது. நீங்களே சொல்லிடுங்க."

"சுவர் பொய் சொல்லுச்சுன்னு சொல்லச் சொல்றியா?" பேரின்பநாதர் குரலைத் தாழ்த்தினார். "நீ உண்மையைச் சொன்னா அவளும் உள்ள, நீயும் உள்ள. சுவர் மட்டும்தான் வெளிய இருக்கும். யோசிச்சுக்கோ."

விசாரணை சுவருக்கு முன்னால் நடந்தது. மன்னர் உயரத்தில் அமர்ந்திருந்தார். ஊரே திரண்டிருந்தது.

"சுவரில் இருப்பது உன் மூக்குதானா?" என்று கேட்டார் பேரின்பநாதர்.

"மூக்கு என்னுதுதான். மத்ததெல்லாம் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் வடிவு.

"எதிர்த்துப் பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்."

"கேட்டீங்க, சொன்னேன். முழுப் பதில் சொல்லணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். கூடத்தின் வண்டி வந்து நின்றது. அதில் ஜன்னல் இல்லை. கோலப்பன் அந்த வண்டியைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"மன்னா," என்றான், வண்ணச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, "படம் இன்னும் முடியலை."

"முடியவில்லையா?"

"அவசரத்துல போட்டது. கொஞ்சம் பாக்கி இருக்கு."

முடியாத படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதால் மன்னர் தலையசைத்தார். கோலப்பன் ஏணியில் ஏறி, நடுவில் நின்ற உருவத்தின் தோளில், பொன் சரிகைக் கரை போட்ட ஒரு சால்வையைப் போர்த்தினான்.

மந்தாரபுரியில் சால்வை என்பது குளிருக்கு அல்ல. பாலம் திறந்தால் சால்வை, பாலம் விழுந்து பார்வையிட வந்தாலும் சால்வை. சால்வை போர்த்தியவர் பெரிய மனிதர். பெரிய மனிதரைக் கைது செய்யும் வழக்கம் அந்நாட்டில் கிடையாது. சுவரோ பொய் சொல்லாது.

கூட்டம் சுவரையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று, வடிவைப் பார்த்துக் கைகூப்பினார். அது பரவியது. காவலர்கள் அவள் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, தாங்களே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் பீரோ நிறையச் சால்வை வைத்திருந்த ஒருவர் ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அவளுக்குப் போர்த்த வேண்டிய பாக்கியம் பேரின்பநாதருக்கே வாய்த்தது.

"காரணமின்றிச் சிரித்தவர் என்றோமே," என்று அவர் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார், "அது மக்களோடு மக்களாக மகிழ்ந்தது. தனியாக நின்றது நாட்டைப் பற்றிய சிந்தனை. கும்பலாகச் சேற்றில் இறங்கியது களப்பணி. எல்லாமே சுவரில் தெளிவாக இருந்தது. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை."

மறுநாள் வடிவை அவைக்கு அழைத்து நல்ல நாற்காலி போட்டார்கள். சால்வை கழுத்தை அரிக்க, அவள் நெளிந்துகொண்டிருந்தாள். மன்னர் முன்னால் சாய்ந்தார். ஓராண்டாக மனதில் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"நீங்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். இனி மறைக்க வேண்டாம். சேர்ந்து நின்று சிரித்தபோதெல்லாம் எங்களைப் பற்றி என்னதான் திட்டம் போட்டீர்கள்?"

அவையே காதைத் தீட்டிக்கொண்டது.

வடிவு கொஞ்சம் யோசித்தாள். "உங்களைப் பத்தி நாங்க நினைக்கவே இல்லைங்க."

மன்னரின் முகம் வாடியது. அவருக்கு இது எந்தச் சதியையும்விட வலித்தது. பழையபடி பின்னால் சாய்ந்துகொண்டார். "அது வெளியே போக வேண்டாம்" என்றார் கடைசியில். "சதி என்றே இருக்கட்டும். நாளை வெள்ளிக்கிழமை. கோலப்பா, சதியை வரை."

"வரையறேன் மன்னா. ஆனா முகத்துக்கு ஒரு பிள்ளை வேணும். என் பொண்ணு இப்ப பெரிய மனுஷி ஆயிட்டா." கோலப்பன் பேரின்பநாதரைப் பார்த்தான். "ஐயா வீட்ல பதினாறு வயசுல ஒரு தம்பி இருக்கார்ல?"

"எங்க வீட்டுப் பையன் அப்படி இல்லப்பா."

படைத்தளபதியைப் பார்த்தான். "என் மகள் தங்கம். மத்த பிள்ளைங்க மாதிரி கிடையாது." பொருளமைச்சர் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார். அவையைச் சுற்றி வந்ததில், நாட்டில் கெட்டுப்போன பிள்ளைகள் எல்லாரும் அங்கே இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்பது உறுதியாயிற்று. கடைசியில் கோலப்பன் மன்னரைப் பார்த்தான்.

"இளவரசன் வெறும் 'ம்'தான் சொன்னான்" என்றார் மன்னர் அவசரமாக. "அன்பாகத்தான் சொன்னான்."

"அவையில் இல்லாத யாராவது ஒருவன் வீட்டுப் பிள்ளையைப் போட்டுவிடு" என்றார் பேரின்பநாதர். "எதற்கு இவ்வளவு விசாரணை?"

கோலப்பன் சரி என்றான். அன்றைக்குச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். உடம்புகளை வரைந்தான், சலங்கைகளை வரைந்தான். முகம் வர வேண்டிய இடத்தில் வெறும் வட்டங்களை விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான். மூக்கே இல்லாத படத்தை வைத்துக்கொண்டு யாரைப் போய்ப் பிடிப்பது என்று காவலர்கள் விழித்தார்கள். ஜன்னலில்லாத வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜனங்கள் குளித்துவிட்டு வந்தார்கள். கோலப்பனும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். முகமில்லாத படத்தைப் பார்த்து இவர்கள் என்னதான் பயந்துவிடப் போகிறார்கள் என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அவனுக்கு முன்னால் நின்ற ஒருவர் வெள்ளை வட்டம் ஒன்றை உற்றுப் பார்த்து, மனைவியிடம் குனிந்து சொன்னார்:

"அச்சு அசல் நம்ம பக்கத்து வீட்டுப் பையன். நல்லா பாரு, அதே முழி."

நாலு ஆள் தள்ளி அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அதே வட்டத்தைக் கைகாட்டி, அவரும் தன் மனைவியிடம் எதையோ குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்.