பால் திராவகம் ஒரு மடக்கு

பழனி மலைத்தொடர் முழுக்கத் தேடினாலும், வீட்டுக்கு வந்தவருக்கு மோரைக் கொடுத்து "திராவகம் குடிங்க" என்று உபசரிக்கிற ஆள் ஒருவர்தான். நாயுடுபுரத்தில் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் திராவகத்தண்ணன்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். பூண்டியிலிருந்து காய்கறி ஏற்றி வருவேன். ஒருநாள் பேட்டரிக்கு ஊற்ற ஆசிட் வாங்க அவர் கடைக்குப் போனேன்.

"ஆசிட் குடுங்கண்ணே."

"அப்படி ஒரு சாமான் இல்லையே."

இரும்புப் பெட்டிக்குள் கேன் தெரிந்தது. காட்டினேன்.

"அது கந்தகத் திராவகம். பேரச் சொல்லிக் கேளு, தாரேன்."

சொன்னேன். தந்தார். எனக்குப் பின்னால் ஒருவர் கக்கூஸ் கழுவ ஆசிட் கேட்டார். அவரையும் "உப்புத் திராவகம்" என்று சொல்ல வைத்துத்தான் விட்டார்.

அண்ணனுடைய குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. ரப்பர் பால் உறையத் திராவகம் ஊற்றுவாராம். அப்பா விட்டுப்போன சொத்து ஒரு ரசாயனப் புத்தகம். அட்டை கிடையாது. எலுமிச்சையில் எலுமிச்சைத் திராவகம், புளித்த மோரில் பால் திராவகம், ஆப்பிளில் ஆப்பிள் திராவகம் என்று அதில் போட்டிருக்கிறது. அண்ணன் வேறு எதையும் படிக்கவில்லை. இதைக் கைவிடவும் இல்லை.

ஒருநாள் அவர் கடை வாசலில் என் காலைக் கட்டெறும்பு பிடித்தது.

"கடிச்சிருச்சுண்ணே!"

"கடி சின்னதுப்பா. எரியிறது எறும்புத் திராவகம். பேரு தெரிஞ்சா பாதி எரிச்சல் போயிரும்."

போகவில்லை.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி கரைத்து வைக்கிற புளி, மோர், பிளம்ஸ் சாறு, புளியாரைக் கீரைச் சாறு எதையும் அண்ணன் விட மாட்டார். புட்டியில் ஊற்றிக் கடையில் மேல் தட்டில் அடுக்குவார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவார். எல்லாச் சீட்டிலும் திராவகம்.

ஆசிட் விற்க லைசன்ஸ் வேண்டும். அதைப் புதுப்பிக்கக் கீழேயிருந்து ஆபீசர் வருவதாகச் சேதி வந்தது. லைசன்ஸ் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்க் கிடக்க வேண்டும். திருப்பூர் வெயிலைச் சொன்னாலே அண்ணனுக்கு இங்கே வேர்க்கும்.

"அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுங்கண்ணே" என்றேன்.

"உள்ள பேர எதுக்குலே கிழிக்கணும்? நான் என்ன சாராயமா காய்ச்சுறேன்?"

மறுநாள் ஆபீசர் வந்தார். மலைப்பாதை வளைவுகள் அவர் வயிற்றைப் புரட்டிவிட்டன. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு புட்டியைத் திறந்து தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"வெரசா குடிங்கய்யா. எலுமிச்சைத் திராவகம். வயித்துக்கு நல்லது."

ஆபீசருக்குப் புரட்டல் அப்போதே நின்றுவிட்டது. எழுந்தார். தட்டைப் பார்த்தார். எண்ணினார்.

"லைசன்ஸ் ரெண்டே ரெண்டு ஆசிட்டுக்கு. அது ரெண்டும் பெட்டியில இருக்கு. இங்க இருபத்திரண்டு நிக்குது. எங்கருந்து வந்துச்சு?"

"மாட்டுலருந்தும் மரத்துலருந்தும்ங்கய்யா."

"கடையப் பூட்டுங்க."

அண்ணன் முகம் செத்துவிட்டது. தட்டின் கோடியில் இருந்த புட்டியை எடுத்தார். ஒரு மடக்குக் குடித்தார். பால் திராவகம். அடுத்தது புளி. அடுத்தது பிளம்ஸ். ஆறாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. எட்டாவது புளியாரை. வாய் ஒரு பக்கம் கோணியது.

"போதும்யா" என்றார் ஆபீசர்.

அண்ணன் ஒன்பதாவதை எடுத்தார்.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மதினி எட்டிப் பார்த்தார். "கொழம்பு, ரசம், மோரு எல்லாம் உள்ள எறங்கிருச்சு. சோறு மட்டும் பின்னால அனுப்பவா?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்ப அந்தப் பெட்டியில இருக்கிறதையும் குடிச்சுக் காட்டுவீங்களோ?"

"அதக் குடிச்சா லைசன்ஸ் யாருக்குங்கய்யா?"

ஆபீசர் உட்கார்ந்தார். எலுமிச்சைத் தம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்துக் குடித்தார். தாளில் கையெழுத்துப் போட்டார். ஆசிட் இருக்கிற இடத்தில் வாயில் வைக்கிற சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மதினி கூடை எடுத்து வந்து இருபத்திரண்டு புட்டியையும் அள்ளினார். "தொலைஞ்ச சாமானெல்லாம் இங்கதான் கெடக்கா!"

மூன்று நாள் அண்ணனுக்கு வெறும் கஞ்சிதான். வயிறு தாங்கவில்லை. ஆனாலும் கடையை வெள்ளனே திறந்துவிட்டார்.

திருப்பூர் போகவில்லை. அதே கடையில்தான் இருக்கிறார். நான் மார்க்கெட்டுக்கு நாயுடுபுரம் வழியாகத்தான் வண்டியை விடுகிறேன். அது சுற்று வழி. கால் மணி நேரத்தில் கேரட் ஒன்றும் வாடிவிடாது.