கிளிக்குப் போட்ட திட்டு

புதுப் பொருள் வாங்குகிற எல்லாரும் பழசைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள். குறை இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. என் பழைய எம்பி3 பிளேயர் உண்மையிலேயே சாகக் கிடந்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே போனது போனதுதான், ஊக்கால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சத்தம் வரும். பக்கத்தில் யாராவது தும்மினால் நின்றுவிடும்.

அதில் பாட்டுக் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? யாருமில்லை. அது கிளிகளுக்காக வைத்திருந்தது.

ஓடைப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். வீடும் அதை ஒட்டித்தான். பழம் கறுக்க ஆரம்பித்தால் கிளியும் மைனாவும் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கிவிடும். வலை கட்டலாமே என்றால் அப்பா கேட்க மாட்டார். "வலைக்கெல்லாம் பயப்படாதுக. மனுசன் வாய்க்குத்தான் பயப்படும்" என்பார். (அவர் வாய் அப்படி.) ஆனால் நாள் முழுக்கக் கத்த எந்தத் தொண்டை தாங்கும்? அதனால் ஒருநாள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அவர் கிளிகளைத் திட்டத் திட்ட, நான் அந்தப் பிளேயரில் பதிவு செய்தேன். அதைக் குழாய் ஸ்பீக்கரோடு இணைத்துத் தோட்டத்து நடுவில் கொடிப்பந்தலைத் தாங்குகிற ஒரு கல்லுக்காலில் கட்டிவிட்டோம். எங்கள் பக்கம் இது சாதாரணம். சில தோட்டத்தில் நாய் குரைக்கும், சில தோட்டத்தில் வேட்டுச் சத்தம் கேட்கும். எங்கள் தோட்டத்தில் அப்பா கேட்பார்.

பிறகு ஒருநாள் மருந்தடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா போட்டோ எங்களிடம் நிறைய இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோக்களில் தேடினேன். எல்லாவற்றிலும் அவர் பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு இருந்தார். போனில் படம் எடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்பார். ஆக, என் அப்பா இந்த உலகத்தில் விட்டுப்போன பேச்சு முழுவதும் கிளிகளுக்குச் சொன்னதுதான். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் டப்பாவை நிறுத்திவிட்டு "ஏத்தா, பதிவாகுதா?" என்று என்னைக் கேட்பார். அது எனக்கு.

அம்மா அந்த ஸ்பீக்கரைப் போடவே விடவில்லை. "கழட்டிப் போடு. போனவுகள இன்னும் கிளி வெரட்டச் சொல்லணுமா?" என்றுவிட்டது. அதனால் நான் மோட்டார் ரூமுக்குள் போய், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வயரை வளைத்துப் பிடித்தபடி அப்பா கத்துவதைக் கேட்பேன். கேட்டு அழுவேன். இப்படித் திட்டு வாங்கிக்கொண்டு அழுத நேரத்தில்தான் சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவது தடவையும் அப்பா சாகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ரபீக்கண்ணன் சின்னதாக ஒரு ரேடியோ, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். என் பிளேயரை வாங்கி, செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதையெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா தங்கச்சி? செஞ்ச கம்பெனிக்காரனே மறந்திருப்பான். இந்தா, இதப் பாரு. பாட்டும் கேக்கலாம், படமும் பாக்கலாம். பட்டனே கெடையாது, எல்லாம் டச்சு."

"அதுக்குப் போன்லயே போட்டுக்கலாமேண்ணே."

"போனக் கொண்டுபோயி தோட்டத்துல கட்டித் தொங்கவிடு. கொரங்கு தூக்கிட்டுப் போயி குமுளியில வித்துரும்."

படம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும் என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. வந்தது அப்பா குரலைக் காப்பாற்ற. ஆனால் அந்தக் கையகல ஸ்கிரீனைப் பார்த்ததும், கருமாதி அன்று அப்பா போட்டோவெல்லாம் ஒவ்வொன்றாக இதில் ஓட, பின்னால் சாமிப் பாட்டு கேட்க, சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ளயா இருந்து எப்படிச் செஞ்சிருக்கா பாரு" என்று சொல்ல... எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த மாதிரி ஆசை வந்தால் சீக்கிரத்தில் அடங்காது.

"சரிண்ணே. ஆனா அப்பா சத்தம் மட்டும் அழிஞ்சிரக் கூடாது" என்றேன்.

"அழியாது."

"மாத்தும்போது பாதி விட்டுப்போயிரும்னு சொல்றாகளே."

"விட்டுப்போகாது."

"இதுக்குள்ள போயிட்டு அது காணாமப் போச்சுன்னா?"

ரபீக்கண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நான் ஒண்ணு செய்யிறேன். ஒரே சத்தத்த வேற வேற பேர்ல ஏழெட்டாப் போட்டு வச்சிர்றேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். எந்தப் பக்கம் போனாலும் உங்கப்பா இருப்பாரு. போதுமா?"

போதும் என்றேன். சாமிப் பாட்டும் போட்டோவும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக நிம்மதியாக வந்தேன். அந்த நிம்மதிக்கு இன்று வரைக்கும் நான் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் அதில் ஏதோ சீனாக்காரர் எழுத்து. மறுபடி பஸ் ஏறிப் போய் இங்கிலீஷுக்கு மாற்றி வந்தேன். (எனக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கிலீஷ் கொஞ்சம் பழகிய எழுத்தாக இருந்தது, அவ்வளவுதான்.) கொடி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன என் விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. நாலு தடவை தேய்த்தால் ஒரு தடவை கேட்கும். அந்த ஒரு தடவையும் நான் தொடாத எதையோ திறக்கும்.

இப்போது எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, பக்கத்துத் தோட்டம். தாத்தா பிரித்துக் கொடுத்தபோது இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரிசைக் கொடி யாருக்கு என்பதில் சண்டை. நான் நட்டது என்றார் அப்பா. என் பக்கம் வருகிறது என்றார் சித்தப்பா. அதோடு பேச்சு நின்றது. சாவுக்கு வந்தார், பாடை தூக்கினார், ஓரமாக நின்று அழுதார், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார். மனஸ்தாபம் உள்ள வீட்டில் எங்கள் பக்கம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். வந்து இலையில் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டு எழுந்தால்தான் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். பாதியில் எழுந்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் ஒட்டாது.

அவர் சாப்பிட வேண்டும் என்று அம்மா குலசாமியிடமே வேண்டிக்கொண்டிருந்தது. கிணறு இரண்டு தோட்டத்துக்கும் பொது. "மோட்டாரு புகைஞ்சு போச்சுன்னா நீயும் நானும் யாரப் போயிக் கூப்புடுறது? உங்க சித்தப்பன் இல்லாம இந்தக் கொடியப் பொழைக்க வைக்க முடியாது. அவுக சாப்புட்டு எந்திரிக்கிற வரைக்கும் யாரு வாயில இருந்தும் ஒரு சொல்லு வரக் கூடாது" என்று கருமாதி அன்று காலையில் எல்லாரிடமும் சொல்லி வைத்தது. சமையல்காரர் வரைக்கும் சொன்னது.

என்னிடம் உள்ள பிளேயரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

பந்தலில் அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதை வைத்தேன். மைக்செட்டுக்கு வழியில்லாததால் தோட்டத்துக் குழாயையே கழற்றி வந்து மூங்கிலில் கட்டியிருந்தேன். சாமிப் பாட்டு ஓடியது. போட்டோவும் ஓடியது. இரண்டு பேர் வந்து "நல்லாருக்குத்தா" என்றார்கள். நான் தலைகால் புரியாமல் நின்றேன்.

முதல் பந்தியில் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். அம்மா கூப்பிட்டதும் வந்துவிட்டார். பக்கத்தில் சித்தி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அம்மாவே இலை போட்டது, சோறு வைத்தது, சாம்பார் ஊற்றியது. சித்தப்பா பிசைந்து முதல் கவளத்தை உருட்டினார். பந்தலில் எல்லாரும் அந்தக் கவளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமிப் பாட்டு தீர்ந்தது. தீர்ந்தால் அது பாட்டுக்கு அடுத்ததற்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

டம டம டம என்று டப்பாச் சத்தம். பிறகு குழாயில், ஏக்கர் கணக்கில் கேட்பதற்காகக் கத்திய அப்பா, ஒரு பந்தலுக்குள் கத்தினார்.

"ஏய், வெக்கங்கெட்ட கழுதைகளா. வந்துட்டீகளா திங்க? உங்கப்பன் நட்ட கொடியாடா இது? அடுத்தவன் ஒழைப்புல வகுறு வளக்க வந்துட்டானுக. எந்திரிச்சு ஓடுங்கடா."

கவளம் சித்தப்பா வாய்க்கு அரைச் சாண் முன்னால் நின்றது. அப்பளம் கடித்த ஒருவர் கடித்தது கடித்தபடி இருந்தார். கடைசி இலையில் இருந்த பெரியவர் மட்டும் மெதுவாக, "செத்தும் வாய் அடங்கலயே இவனுக்கு" என்றார்.

நான் ஓடிப் போய்ப் பிளேயரைத் தேய்த்தேன். கேட்கவில்லை. மறுபடி தேய்த்தேன். அடுத்ததுக்குப் போயிற்று. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் டம டம டம. "ஏய், வெக்கங்கெட்ட கழுதைகளா." முதலில் இருந்து. பதறிப்போய் இன்னொரு தேய்ப்பு. "ஏய், வெக்கங்கெட்ட..." இன்னொன்று. "ஏய்..." எந்தப் பக்கம் போனாலும் அப்பா இருந்தார். ரபீக்கண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.

சித்தி எழுந்துவிட்டது. "எந்திரிங்க. மதிச்சு வந்ததுக்கு நல்ல மருவாத. மகளும் ஆத்தாளும் சேந்து திட்டம் போட்டுத்தான் கூப்புட்டிருக்காக."

"ஐயோ, இல்ல சித்தி, இது கிளிக்கு" என்றேன்.

"அப்ப எங்களக் கிளிங்கிறியா?"

என்ன சொன்னாலும் தப்பாகப் போனது. கடைசியில் வயரைப் பிடுங்கினேன். குழாய் நின்றது. ஆனால் அந்தப் பாவிப் பிளேயருக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. என் உள்ளங்கைக்குள் இருந்து அப்பா, பானைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி, "ஓடுங்கடா, செருப்பு பிஞ்சிரும்" என்று கத்திக்கொண்டே இருந்தார். தாவணிக்குள் சுற்றினேன். இடுப்பில் இருந்து கத்தினார். அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்று, என் இடுப்பைப் பார்த்து, "உசுரோட இருக்கயில எத்தன தடவ சொன்னேன், வாய அடக்குங்க, வாய அடக்குங்கன்னு. கேட்டீகளா?" என்றது.

சித்தப்பா அதுவரைக்கும் அசையவில்லை. கவளத்தை இலையில் திருப்பி வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது, இனிக் கிணறும் போச்சு, கொடியும் போச்சு என்று நினைத்தேன்.

"ஏன் புடுங்குன?" என்றார்.

நான் இடுப்பில் கத்திக்கொண்டிருந்ததை இன்னும் இறுக்கி அமுக்கினேன்.

"ஜோதி, ஒன்னயத்தான். வயர ஏன் புடுங்குன? சொருகு."

"சித்தப்பா, அது..."

"அது என்னன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துத் தோட்டத்துக்காரன்த்தா நான். மொத மொத நீங்க இதப் போட்டன்னிக்கி என்னயத்தான் திட்டுறாகன்னு நெனச்சு அருவாளோட வேலி வரைக்கும் வந்தேன். வந்து பாத்தா அண்ணன் அங்கன கட்டில்ல தூங்கிட்டிருக்காக, குழாய் திட்டுது." யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். "அப்பறம் அதக் கேட்டுக்கிட்டேதான் கொடி கட்டுவேன். நேர்ல பேசாட்டி என்ன, நாளெல்லாம் பேசிக்கிட்டுத்தான இருந்தாக. ஆளு போனதுல இருந்து அந்தப் பக்கம் கம்முனு கெடக்கு. எனக்கு வேல ஓட மாட்டேங்குது. கிளி என் தோட்டத்தையும் மொட்ட போட்டுருச்சு."

சித்தியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சொருகுத்தா. அண்ணன் திட்டட்டும். நான் சாப்புடுறேன்."

சொருகினேன். சொருகிய அவசரத்தில் சத்தத்தையும் கூட்டிவிட்டேன்.

அன்றைக்கு முதல் பந்தி முழுவதும் வெட்கங்கெட்ட கழுதைகளாகத்தான் சாப்பிட்டது. சித்தப்பா ரசம் வாங்கினார், மோர் வாங்கினார், பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. எச்சில் கை. இரண்டாவது பந்திக்காவது நிறுத்தலாம் என்று போனால், வெளியில் காத்திருந்தவர்கள் "அவுகளுக்கு மட்டும் திட்டு, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். போட்டோ ஓடியதை அதற்கப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பாடுபட்டு ஏற்றினேன்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. குழாய் இப்போது மறுபடி தோட்டத்தில். நடு வரிசையில், இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி சித்தப்பாதான் கட்டினார். மோட்டார் முறை வருகிற நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு அவருக்கு.

போன மாதம் சின்னமனூரில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, கேசரி எல்லாம் வைத்தாயிற்று. பையனோட அம்மா பஜ்ஜியை எடுத்த நேரம் தோட்டத்தில் இருந்து சத்தம் வந்தது. "வந்துட்டீகளா திங்க?" அந்தம்மா பஜ்ஜியைத் தட்டில் போட்டுவிட்டு, "யாரு அது?" என்றது.

"பொண்ணோட அப்பா" என்றார் சித்தப்பா.

"அவுக இல்லன்னுல சொன்னீக?"

"இல்லதான். பேச்சு மட்டும் இருக்கு."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணனுக்கு மாப்ளயப் புடிக்கல போல. விடு, வேற பாப்போம்."