நோஞ்சான் செடியை வந்து எடுத்துப் போகவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. நீயாவது உடம்பைப் பார்த்துக்கொள், ஏனென்றால் உன்னை நேரில் பார்த்துக் கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது.

போன வருஷம் ஒரு பார்சல் அனுப்பினாய். ஈரக் காகிதத்துக்குள் ஏழு விதை. காட்டு எலுமிச்சைப் பூவில் காட்டு ஆரஞ்சின் மகரந்தத்தை நீயே தூரிகையால் தடவிச் சேர்த்த கலப்பு, அந்த ஆரஞ்சு மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, இனி இப்படி ஒரு விதை கிடைக்காது, எனக்குக் குளிர்ப் பிரதேசத்துக்கு மாற்றலாகிவிட்டது, நீதான் அக்கா வளர்க்கவேண்டும் என்று ஒரு கடிதம். உலகத்தில் அபூர்வமான பொருளை, வாடகை வீட்டு பால்கனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவளுக்கு அனுப்புகிற புத்தி உனக்குத்தான் வரும். காயவிடாதே என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாய். அதை நான் படிப்பதற்குள், விதை நனைந்துவிட்டதே என்று நல்லெண்ணத்தில் உன் அத்தான் அதை ஜன்னலில் வெயிலில் உலர்த்திவிட்டார். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷர், எதையும் துடைத்துக் காயவைக்காமல் விடமாட்டார். மூன்று விதை போயிற்று.

மிச்சம் நாலில் ஒரே ஒரு விதை முளைத்தது. அதுவும் ஒற்றையாக இல்லை, மூன்று முளை. மூன்று கன்று என்று சந்தோஷமாகப் போன் பண்ணினால் நீ என்ன சொன்னாய்?

"அக்கா, நல்லா தளதளன்னு இருக்கிற ரெண்டும் அம்மா மரத்தோட நகல். ஓரமா நோஞ்சானா ஒண்ணு இருக்கும் பாரு, அதுதான் கலப்பு. மத்த ரெண்டையும் பிடுங்கிடு."

வலுத்ததைப் பிடுங்கி எறி, நோஞ்சானை வைத்துக்கொள் என்று சொல்கிற படிப்பை நீ எங்கே படித்தாய்? பிடுங்கினேன். பச்சைப்பிள்ளையைத் தெருவில் விட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்த்தால் அந்த இரண்டையும் உன் அத்தான் பழைய பெயிண்ட் டப்பாக்களில் நட்டுவைத்திருக்கிறார். "அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்கிறார்.

நோஞ்சானுக்கு ஒரு இலை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இலை, இலைக்கு ஒரு முள். உடம்பு சாண் நீளம், முள் விரல் நீளம். ஒரு மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பைக் காற்றாட மாட்டியிருந்தேன், காலையில் பார்த்தால் கிழித்துவிட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு நான்கு நாள். கிழிசல்மேல் துணிப்பூ ஒன்று வைத்துத் தைத்தேன். அந்தப் பெண் வந்து, "இந்தப் பூ நான் கேக்கவே இல்லையே" என்றாள். கூச்சமில்லாமல், "என் பரிசும்மா" என்றேன். அறுபத்துநாலு வயதில் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

அப்புறம் இலைமேல் காக்கா எச்சம். துணியால் துடைக்கப் போனால் அது ஊர்கிறது, தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடுகிறது. நான் கத்தின கத்தில் கீழ்வீட்டு ஓனர் மேலே வந்துவிட்டார். ஏற்கெனவே என் செடித்தண்ணீர் அவர் வழுக்கையில் சொட்டுகிறதென்று கோபம். உன்னைக் கேட்டால், "வண்ணத்துப்பூச்சிப் புழுக்கா, பாவம். மருந்தடிக்காதே, எடுத்து வேற செடியில விடு" என்கிறாய். இப்போது தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நோஞ்சானிலிருந்து புழுவை எடுத்துப் பெயிண்ட் டப்பாச் செடிகளுக்கு மாற்றுவதுதான் எனக்கு முதல் வேலை. உன் அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்தேன். போன வாரம், எப்போதடா காய்க்கும் என்று கேட்டேன்.

"பத்து வருஷம் ஆகும். பன்னிரண்டும் ஆகலாம்."

"தின்னலாமா?"

"தெரியாதுக்கா. ஒரே கசப்பா இருக்கலாம்."

"அப்புறம் எதுக்குடா?"

"இதுவரைக்கும் யாருமே ருசி பார்க்காத பழம்கா" என்றாய். குரல் ஒரு மாதிரி இருந்தது, அதனால் அன்றைக்கு நான் திட்டவில்லை. இப்போது திட்டுகிறேன். எனக்கு எழுபத்தாறு வயதாகும்போது கசப்பா புளிப்பா என்று தெரியவா நான் புழு பொறுக்குகிறேன்? மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து மூன்று தொட்டியையும் கொண்டுபோய்விடு. இல்லாவிட்டால் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். இது முடிவு.

குழந்தைகளுக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் அன்பும் அனுதாபமும். நீ நூறு வயது இரு, அக்காவைக் கொஞ்சம் விட்டுவை.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை பெரிய வண்டியாகவே கொண்டுவா, கட்டிலும் பீரோவும் ஏற்றவேண்டும். நாங்கள் வீடு மாறுகிறோம். புது வீட்டில் ஓர் அறை குறைவு, தண்ணீரும் நாளைக்கு ஒரு நேரம்தான் வரும், ஆனால் பின்பக்கம் பத்தடிக்கு மண் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மாடி ஏற முடியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.