புதன்கிழமை வருமானம்

மார்ச் ஒன்றாம் தேதி வெளியான நாளிதழின் ஆறாம் பக்கத்தில், 'நாட்டின் கடனைக் குறைக்க நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?' என்ற கேள்விக்கு ஏழு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஆறு பேர், அடுத்தவர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விளக்கியிருந்தார்கள். ஏழாவது ஆள் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் சலூன் வைத்திருப்பவர். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தைக் கொடுக்கத் தயார் என்று அவர் சொன்னதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் படம். கையில் கத்தரி.

"இதை எப்போ சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள். கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு.

"ஹெட்மாஸ்டருக்கு ஷேவ் பண்ணிட்டிருந்தேன். பத்திரிகைக்காரர் வந்து கேட்டார். அவ்வளவு பெரிய மனுஷர் முன்னாடி கஞ்சத்தனமா பேச முடியுமா? ஏதோ வாய்ல வந்துச்சு."

"வாய்ல வர்றதுக்கெல்லாம் அடகு வைக்க என்கிட்ட நகை இல்லை. ரெண்டு மாச வாடகை பாக்கி. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள கட்டலைன்னா கடைக்குப் பூட்டுன்னு ஓனர் சொல்லிட்டுப் போயிருக்கார். அதாவது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் புதன்கிழமைன்னு போர்டு வைக்கப்போறேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவருக்கு வந்த நல்ல யோசனைகளில் இது மூன்றாவது. புதன்கிழமை கடைக்கு வருவது மூன்று பேர். அதில் ஒருவர் பேப்பர் படிக்க வருகிறவர்.

நான்காம் தேதி, புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கியபோது படியில் பதினோரு பேர் நின்றார்கள். முதலில் நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"சார், நீங்க வெள்ளிக்கிழமைதானே வெட்டிக்கிட்டீங்க?"

"அது எனக்காக வெட்டினது. இது நாட்டுக்காக. ஓரத்துல ஏதாவது இருக்கும், தேடிப் பாருப்பா."

காதுக்கு மேலே கொஞ்சம் கிடைத்தது. வெட்டி முடிந்தும் தலைமையாசிரியர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வந்த தலைகளை ஒரு நோட்டில் எண்ணிக்கொண்டே இருந்தார். மாலையில் எழுந்து நின்று, "முப்பத்து நாலு!" என்று அறிவித்தார். தெருவே கைதட்டியது.

"ரசீதைக் கண்ணாடியில ஒட்டிடுப்பா. உன்மேல சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஒட்டிடு."

மறுநாள் சலூன்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிராமலே கேட்டார். "என்ன பாக்கி? வரியா, அபராதமா?"

"பாக்கி எதுவும் இல்லை மேடம். நாட்டுக்குச் சும்மா கொடுக்கலாம்னு வந்தேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா வாங்குறதுக்கு இங்க வழி இல்லையே. நாளைக்கு ஆடிட்ல எதுக்கு வாங்கினேன்னு என்னைத்தானே குடைவாங்க?"

"ரசீது இல்லாமப் போனா நான் முழுங்கிட்டேன்னு சொல்லுவாங்க மேடம்."

மூன்று இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு அவர் ஒரு பச்சைப் படிவத்தை எடுத்தார். "பாக்கி இல்லாத ஆள்கிட்ட பணம் வாங்க எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். மூணு இடத்துல கையெழுத்துப் போடுங்க."

சலூன்காரர் மூன்று இடத்தில் போட்டார். படிக்கவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

முத்திரை குத்திய பச்சைத் தாள் கண்ணாடிக்கு ஏறியது. கடைக்குத்தான் யாரும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை ஒருவர் வந்தார். பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டுவிட்டுப் போனார். வழக்கமாகக் கூட்டம் தாங்காத சனி, ஞாயிறுகளில்கூட வாடிக்கையாளர்கள் வாசலைக் கடக்கும்போது பரட்டைத் தலையோடு கையசைத்தார்கள்.

"புதன்கிழமை வரேண்ணே!"

"எல்லாரும் எப்பவும் கொடுக்கிற காசைத்தான் கொடுக்குறாங்க. என்ன, புதன்கிழமை கொடுக்குறாங்க. கையைவிட்டுக் கொடுக்கிறது நீங்க ஒரு ஆளு," என்றாள் மனைவி. "புதன்கிழமைக்கு ரேட்டை இரட்டிப்பாக்குங்க. பாதிப் பேர் தானா வியாழக்கிழமைக்கு ஓடிடுவாங்க."

இரட்டிப்பாக்கினார். தெரு உற்சாகமாகிவிட்டது.

"இதுதான் சரி," என்றார் தலைமையாசிரியர். "தியாகம்னா கொஞ்சம் வலிக்கணும்."

பதினோராம் தேதி நாற்பத்தெட்டுத் தலைகள். நாலு தெரு தள்ளியிருக்கும் சலூனின் நிரந்தர வாடிக்கையாளர்கள்கூட வந்துவிட்டார்கள். அந்தச் சலூன்காரரே வந்து உட்கார்ந்தார். "எங்க கடை ஈ ஓட்டுது. சும்மா இருக்கேனேன்னு வந்தேன். பின்னாடி கொஞ்சம் ஒட்ட வெட்டுப்பா," என்றார். இரவு மனைவி வெந்நீர் வைத்துச் சலூன்காரரின் கட்டைவிரலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை கடையைத் திறக்காமலே விட்டார். உடம்பு சரியில்லை என்று ஷட்டரில் ஒரு சீட்டு. மேலே அறையில், இருமக்கூடப் பயந்துகொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தார். மறுநாள் வியாழக்கிழமை கடையைத் திறந்தால் வரிசை தெருமுனை வரை நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! இன்னைக்கு வியாழக்கிழமை, பழைய ரேட்டுதான்!"

"எப்படிப்பா?" என்றார் தலைமையாசிரியர், நோட்டைப் பிரித்தபடி. "நேத்து புதன் நடக்கவே இல்லையே. அதனால இன்னைக்குத்தான் புதன். நாட்டை ஏமாத்த நாங்க விட்டுடுவோமா?"

ஐம்பத்தொரு தலைகள்.

இருபத்தைந்தாம் தேதி கட்டட உரிமையாளரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் மூன்று பச்சைத் தாள்களையும் வரிசையாகப் பார்த்துத் தலையாட்டினார். "உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா இந்த நாடு உருப்பட்டுடும்."

"ஓனர், அந்த வாடகை..."

"முப்பத்தொண்ணாம் தேதி."

"நாட்டுக்காக ஒரு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?"

உரிமையாளர் பிடரியைத் தடவிக் கண்ணாடியில் காட்டினார். "நாட்டுக்காகத்தானேய்யா இப்போ முடி வெட்டிக்கிட்டேன்! அதுவும் இரட்டிப்பு ரேட்டுல! ஒரு மனுஷன் இன்னும் எவ்வளவுதான் கொடுப்பான்?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அது நியாயம் என்றார்கள்.

அந்தப் பணமும் மறுநாள் கருவூலத்துக்குப் போய், நாலாவது பச்சைத் தாளாகத் திரும்பியது. வீட்டில் சோற்றுக்குத் துவையலும் இல்லாமல் மூன்று நாள் போனது.

"நாளைக்கு மறுநாள் பூட்டு," என்றாள் மனைவி. கோபம்கூட இல்லை அவளுக்கு. "போய் நிறுத்திட்டு வாங்க. இவ்வளவு கொடுத்திருக்கோமே, கடன் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னாவது கேட்டுட்டு வாங்க. நாலு பேர்கிட்ட சொல்லிக்கவாவது ஆகும்."

முப்பதாம் தேதி பிற்பகல், கண்ணாடியிலிருந்து உரித்த நாலு தாள்களோடு சலூன்காரர் கவுண்டரில் நின்றார்.

"மேடம், இனிமே என்னால முடியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். கடன் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா?"

"எந்தக் கடன்?"

"நாட்டோட கடன். அதுக்குத்தானே மாசம் பூராக் கட்டினேன்?"

அந்த அம்மாள் தாள்களை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இது கடன் பத்திரம்ங்க. நீங்க அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கீங்க. இந்த மாசம் நாட்டோட கடன் உங்களால ஏறியிருக்கு. வட்டி வேற தரணும்."

சலூன்காரர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலைகள் அவர் கண்முன்னே வந்து போயின.

"ஐயையோ! அப்போ அதைக் குறைக்க நான் என்ன தியாகம் பண்ணணும், சொல்லுங்க மேடம்!"

"பெருசா ஒண்ணும் இல்லை," என்றார் அந்த அம்மாள், முத்திரையை எடுத்தபடி. "உங்க பணத்தை நீங்களே திருப்பி வாங்கிக்கணும்."

அன்று மூன்று நாற்பதுக்கு நாட்டின் கடன் அந்த அளவுக்குக் குறைந்தது. மறுநாள் காலை வாடகை கட்டப்பட்டது.