பூச்சிக்குக் கள் வாங்கப் போன கதை

உண்மை பேசுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரே தன்னை நம்பும் என்று நம்பித் தொலைப்பான். இருபத்துமூன்று வயதில் அந்த வியாதி எனக்கு முற்றிப் போயிருந்தது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். வார நாளெல்லாம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குமாஸ்தா. மற்ற நேரம் எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். (செயலாளர் என்றால் நாற்காலி தூக்கிப் போடுகிறவன்.) சங்கத் தலைவர் தணிகாசலம் மாமா. ரத்த உறவு இல்லை. தன் மகள் செல்லத்தை எனக்குக் கொடுப்பதாகத் தட்டு மாற்றியிருந்தார், அதனால் மாமா. மாப்பிள்ளை கறுப்பாயிருக்கலாம், கட்டையாயிருக்கலாம், கள் வாடை மட்டும் அவருக்கு ஆகாது. செல்லத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாவது தடவை அவள் சிரித்துவிட்டாள். அதோடு நான் காலி.

துரைக்குப் பூச்சிப் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் அம்பாங் பக்கத்து ஓடைக் காட்டில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வார். சிலந்தி வலை பின்னுவதையும், கல்லுக்கடியில் இறால் சட்டை உரிப்பதையும் மூச்சுவிடாமல் பார்ப்பார். நான் அவருக்குக் குடை பிடிப்பேன். (மனிதர்களை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.)

ஒரு சனிக்கிழமை சொன்னார்: அழுகின வாழைப்பழத்தில் கள்ளைப் பிசைந்து மரத்தில் பூசினால் அபூர்வமான பட்டாம்பூச்சியெல்லாம் வருமாம். "நாளைக்குக் கள் வாங்கி வா."

"துரை, நான் மதுவிலக்குச் சங்கம்."

"உன்னை யார் குடிக்கச் சொன்னது? பூச்சி குடிக்கும்."

வேலை போய்விட்டால் கல்யாணமும் போய்விடும். தலையாட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் வாங்கினால் தெரிந்த முகங்கள். அதனால் என் அபார மூளை செந்தூல் கள்ளுக்கடையைத் தேர்ந்தெடுத்தது. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு சைக்கிளில் போய் இறங்கினேன்.

முந்தின வாரச் சங்கக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஓடைக்கரையில் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு செந்தூல் கள்ளுக்கடை வாசலில் நின்று பிரச்சாரம் செய்வதென்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகியிருந்தது. நிரம்பிய வாளியோடு நான் வெளியே வரவும், எதிரே மாமா "குடி குடியைக் கெடுக்கும்!" என்று முழங்கவும் சரியாக இருந்தது. சனியன் பிடித்த துண்டு அந்த நேரம் பார்த்து நழுவியது.

"மாப்பிள்ளையா?"

"மாமா, இது எனக்கில்ல. பூச்சிக்கு."

வாசலில் குந்தியிருந்த ஒருவர் சிரித்த சிரிப்பில் அவர் குவளை கவிழ்ந்தது. "நாங்களும் பூச்சிக்குத்தான் வாங்குறோம் தம்பி. வீட்டுல போய்க் கேட்டுப் பாரு லா!"

மாமா சிரிக்கவில்லை. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"என்கூட அம்பாங் வந்து பாருங்க மாமா. நீங்களே துரைகிட்ட கேளுங்க."

அவர் நல்ல மனிதர், வந்தார். தன் சைக்கிளில் வழியெல்லாம் என் பின்னாலேயே வந்தார். ஓடைக்கரையில் துரை வழக்கம்போல் குப்புறக் கிடந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்யப் பயந்து, துரை கொண்டுவந்திருந்த அழுகின பழத்தில் நானே கள்ளைப் பிசைந்து மரத்தில் பூசினேன். இதோ பூச்சி வரும், மாமா வாயடைத்துப் போவார் என்று காத்திருந்தேன்.

பட்டாம்பூச்சி ஒன்றும் வரவில்லை. வந்தது கெரெங்கா. அந்தச் செவ்வெறும்பு கடித்தால் சாமியாரும் கெட்ட வார்த்தை பேசுவார். வேட்டிக்குள் ஒரு படையே ஏறிவிட்டது. குதித்தேன், கத்தினேன், வாளியை எனக்கே அபிஷேகம் செய்துகொண்டு ஓடையில் விழுந்தேன். எழுந்து நின்றபோது செந்தூல் கள்ளுக்கடை மொத்தமும் என் மேல் மணத்தது. தள்ளாடினேன் வேறு, கடியினால்தான், வேறெதனாலும் இல்லை. அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

துரை எழுந்து வந்தார், முகமெல்லாம் கோபம். நான் விழுந்த அதிர்வில் அவருடைய இறால் ஓடிவிட்டதாம்.

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் நல்ல இங்கிலீஷில் பணிவாகக் கேட்டார்: "ஐயா, இந்தப் பையனுக்கு என் மகளைப் பேசியிருக்கிறேன். இவன் குடிப்பானா? உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ஒரே ஒரு வார்த்தை. 'மாட்டான்' என்று சொல்லியிருந்தால் போதும். துரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "குடிப்பான்தானே. நீங்கள் எல்லாருமே குடிக்கிறவர்கள்தானே."

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மாமாவையும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். இனி துரையிடம் பாய்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"துரைக்கு உன்மேல பொய் சொல்ல என்ன அவசியம்? இனி வீட்டுப் பக்கம் வராதீங்க, தம்பி."

அதுவரை நான் மாப்பிள்ளை. துரையின் ஒரு வாக்கில் தம்பியாகிவிட்டேன்.

அவர் சைக்கிள் மறைந்து கொஞ்ச நேரத்தில் வந்தன பாருங்கள் பட்டாம்பூச்சிகள்! மரமே தெரியவில்லை. கள்ளைக் குடித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. துரை குழந்தைபோல் கைதட்டி, "பார், பார்!" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் அதே துரைக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அது இன்னும் எனக்குக் கசக்கிறது.

செல்லத்தைக் கிள்ளானில் கொடுத்தார்கள். எனக்கும் பிறகு கல்யாணமாகி, இந்தக் கதை என் மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து நான் கடையில் சோடா வாங்கினாலும், "பூச்சிக்கா?" என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது பையனிடம் கேட்டேன்: "குடிப்பீங்களா தம்பி?" "சேச்சே, இல்லீங்க மாமா" என்றான். அவனுடைய முதலாளியைப் போய் விசாரித்துவிட்டு வரலாம் என்றார்கள் வீட்டில். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். ஒருவனுடைய வார்த்தை அவனுடைய வாயிலிருந்து வந்தால் போதும் என்றேன்.

கல்யாணமான முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் என் மனைவிதான் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"பூச்சிக்குத்தான் இருக்கும்."