பன்னிரண்டு வோல்ட் மாப்பிள்ளை அழைப்பு

எல்லா ரிப்பேரையும் தானே பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக ஓடாது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதை நடமாடும் வீடாக்கியிருந்தேன். காசிவரை போவதாகத் திட்டம். எங்கள் ஊர் நாச்சியாபுரத்திலிருந்து வண்டி அதுவரை போயிருந்த அதிகபட்ச தூரம், பக்கத்திலிருக்கும் காரைக்குடி. தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தேன். (வண்டிக்குள்ளே யாராவது கல் பதிப்பாகளா என்று கேட்டார்கள். நம்ம பக்கம் வீடு என்றால் பின்னே வேறு எதைப் பதிப்பது?)

என் நிஜமான பெருமை அதன் விளக்குகள்தான். பழைய பேருந்துக் கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் குட்டி டியூப்லைட் இருக்குமே, அதில் ஒரு டஜனைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சின்னச் சோக்குப் பெட்டி வைத்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் எரியவிட்டிருந்தேன். எல்.இ.டி. போடச் சொன்னவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, விளக்குக்குத் தனி பேட்டரி. யாரும் கேட்காமலேயே இதை விளக்குவேன். வயர் மட்டும் வீட்டுக் காலிங் பெல்லுக்கு வாங்கியதில் மிச்சம். நூல் மாதிரி இருக்கும். அதனால் என்ன, விளக்கும் சின்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை கயலுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கதிரேசன் சிவகங்கையில் கல்லூரி ஆசிரியர். மாப்பிள்ளை அழைப்புக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் வாசல்வரை என் வண்டியில்தான் கூட்டிவருவேன் என்று அடம்பிடித்தேன்.

"கார் சொல்லியாச்சுப்பா," என்றார் அப்பா.

"கார்ல எல்லா மாப்பிள்ளையுந்தான் வாராக. இதுல உள்ள உக்காந்திருக்கது தெருவுக்கே தெரியும்ப்பா. அம்புட்டு வெளிச்சம்."

கார் ரத்தானது. கயல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, எம் மாமியா மொகத்தப் பாத்தீகள்ல? சிரிக்கவே மாட்டேங்குறாக. ஏதும் ஏடாகூடமா ஆச்சுன்னா காலத்துக்கும் நாந்தான் பேச்சு வாங்கணும்." நான் பெரிய இன்ஜினியர் மாதிரி தலையை ஆட்டினேன்.

கோயிலை ஒட்டிய குறுகலான சந்துக்குள் வழியை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினேன். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பின்கதவு வழியாக ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்குள் அவர் எங்கள் வாசல் ஏற வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். மாலையோடு வர வேண்டிய என் அத்தை இன்னும் காரைக்குடியிலேயே இருந்தார். நாதஸ்வரம் கேட்க வேண்டுமென்று இன்ஜினை அணைத்துவிட்டு விளக்குகளை மட்டும் எரியவிட்டேன். சிறிது நேரத்தில் எல்லாம் நடுங்க ஆரம்பித்தன. கடைசியில் இருந்தவை இரண்டு முனையிலும் சிவந்து கண் சொருகின.

வீடியோக்காரர் தலையை உள்ளே நீட்டி, "அண்ணே, மாப்பிள்ளை ஊதாவாத் தெரியுறாரு," என்றார்.

குறைந்த வோல்ட்டுக்கு வயர் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் வழியிலேயே வீணாகும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று பழியைப் பேட்டரிமேல் போட்டு, இன்ஜின் பேட்டரியையும் அதோடு இணைத்தேன். விளக்குகள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியதில் விளக்குப் பேட்டரி ஏற்கெனவே பாதி உயிரில் இருந்தது. இப்போது அது துணைக்கு இன்ஜின் பேட்டரியையும் கூட்டிக்கொண்டு போனது.

ஒருவழியாக அத்தை வந்தார். மாலை போட்டார்கள். நான் சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. இன்னொரு முறை திருப்பினேன். விளக்குகள் மொத்தமாக அணைந்தன.

"தம்பி, என்ன செய்யுறீக?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, இருட்டுக்குள்ளிருந்து. குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்து போகலாமென்றால் வண்டியைத் தாண்ட வழியில்லை. மேளம், சீர்த்தட்டு, சொந்தபந்தம் எல்லாம் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றன. பங்காளிகள் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. ஆத்தங்குடிக் கல்லின் தரம் அப்படி.

"உள்ள என்னத்தடா வச்சிருக்க, வீட்டையா?" என்றார் சித்தப்பா. (ஆமாம், வீட்டைத்தான்.)

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கினார். மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு ஓரத்தில் கைவைத்தார். வண்டி நகர்ந்தது. இன்ஜின் கடைசிவரை பிடிக்கவே இல்லை. பின்னால் நாதஸ்வரம் முழங்க, வீட்டு வாசல்வரை தள்ளியே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஆவலாக முன்னால் வந்து பார்த்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "மாப்பிள்ளை எங்குட்டு?" என்று அம்மா அலறினார். அவர் பின்னாலிருந்து வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஏழுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே வந்து இறங்கிய அவர் அம்மா, மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாமியார் அதோடு மறந்துவிட்டார். மாப்பிள்ளை மறக்கவில்லை. இன்றும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்து, கயல் கோபத்தில், "எங்க வீட்டு ஆளுக ஒங்கள எம்புட்டு மரியாதையா அழைச்சுட்டு வந்தாக," என்று ஆரம்பித்தால், அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"என்னைய யாரு அழைச்சா? நானாத்தான தள்ளிக்கிட்டு வந்தேன்."